கோடு சேர்ந்தால் போதுமா? தண்ணீர் போக வேண்டாமா?



ஆண்டு மலர் என்றால் அதில் காதல் கவிதை இருக்கும். நட்பைப் பற்றி நாலு கட்டுரை இருக்கும். "போய் வருகிறேன் கல்லூரியே" என்று கண்ணீர் வடிக்கும் கடிதம் ஒன்றாவது இருக்கும். அதற்கெல்லாம் நடுவில் ஒருவன் கழிவறைக் குழாயைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதினால், மூக்கைப் பிடித்துக்கொண்டு பக்கத்தைப் புரட்டத்தான் தோன்றும். கொஞ்சம் பொறுங்கள்! இது மூக்கைப் பற்றிய விஷயம் மட்டுமல்ல. நாளைக்கு நம் வயிற்றைப் பற்றிய விஷயமும்தான்.

இன்று டிப்ளமோ முடித்த சிவில், மெக்கானிக்கல் மாணவர்களில் பலர் போய்ச் சேரும் இடம் எது? சென்னையிலும் கோவையிலும் இருக்கிற கட்டட மாடலிங் அலுவலகங்கள். ஏ.சி. அறை, இரண்டு மானிட்டர், ரெவிட் மென்பொருள். வெளிநாட்டுக் கட்டடம் ஒன்றின் தூண், உத்தரம், குழாய், காற்றுக்குழல் எல்லாவற்றையும் கம்ப்யூட்டருக்குள் கட்டி எழுப்புகிற வேலை. அதில் முதல் வாரமே நம் கையில் கொடுக்கப்படும் காரியம் ஒன்று உண்டு. மேலிருந்து கீழே வரும் செங்குத்துக் குழாயையும், தரைக்கடியில் ஓடும் கிடைக் குழாயையும் இணைப்பது.

"இதென்ன பிரமாதம், ரெண்டு கிளிக்!" என்பீர்கள். உண்மைதான், ரெண்டு கிளிக்தான். அந்த ரெண்டு கிளிக்கை மட்டும் கற்றுக்கொண்டு, அதற்குள் ஓடப்போகும் தண்ணீரைக் கற்றுக்கொள்ளாமல் நாம் வெளியே போகிறோம் என்பதுதான் என் கவலை. அதைத்தான் இங்கே சொல்ல வருகிறேன்.

மென்பொருள் என்ன செய்கிறது?

ரெவிட் 2000-ஆம் ஆண்டில் முதல் பதிப்பாக வெளிவந்தது. 2002-இல் ஆட்டோடெஸ்க் நிறுவனம் அதை வாங்கியது. குழாய் வேலைக்கான பகுதி பிறகு வந்து சேர்ந்தது. ஆட்டோகேடில் நாம் போடுவது வெறும் கோடு. ரெவிட்டில் போடுவது குழாய். அதற்கு விட்டம் உண்டு, பொருள் உண்டு, உயரம் உண்டு.

பிளான் பார்வையில் குழாய் போட்டுக்கொண்டே வருகிறோம். மேலே கட்டத்தில் 'மிடில் எலிவேஷன்' என்று ஒரு எண் இருக்கும். 3000 என்று இருப்பதை 0 என்று மாற்றி 'அப்ளை' கொடுத்தால், குழாய் அங்கேயே மூன்று மீட்டர் செங்குத்தாக இறங்கிவிடும். முனையில் எல்போவும் தானாக முளைக்கும். ஏற்கெனவே நிற்கிற குழாயோடு படுத்த குழாயைச் சேர்க்க வேண்டுமா? 'ட்ரிம்' கட்டளையை எடுத்து இதை ஒரு தட்டு, அதை ஒரு தட்டு. சேர்ந்துவிடும். நடுவில் போய்ச் சேர்ந்தால் டீ, முனையில் சேர்ந்தால் எல்போ.

எந்த எல்போ, எந்த டீ என்பதை யார் முடிவு செய்கிறார்கள்? அங்கேதான் சமாச்சாரம் இருக்கிறது. 'ரூட்டிங் பிரஃபரன்ஸ்' என்று ஒரு பட்டியல் இருக்கிறது. அதில் மேலிருந்து கீழாகப் பார்த்து, அளவுக்குப் பொருந்துகிற முதல் இணைப்பை மென்பொருள் எடுத்து மாட்டிவிடும். பட்டியலை எழுதியவன் குடிநீர்க் குழாயை மனதில் வைத்து எழுதியிருந்தால், கழிவுநீர்க் குழாய்க்கும் அதே கூர்மையான 90 டிகிரி எல்போதான் வரும். மென்பொருளுக்குக் குழாய்க்குள் போவது பன்னீரா சாக்கடையா என்று கவலை இல்லை. மையக்கோடு மையக்கோட்டைச் சந்தித்ததா? சந்தித்தது. வேலை முடிந்தது!

நிற்பதும் படுப்பதும் ஒன்றல்ல

நம் கொத்தனார்களைப் பாருங்கள். செங்குத்தைப் பார்க்க ஒரு கருவி, தூக்குக்குண்டு. கிடையைப் பார்க்க வேறொரு கருவி, ரசமட்டம். தூரம் அதிகமானால் மட்டக்குழாய். பார்க்கிற கருவியே வேறு வேறாக இருக்கிறபோது, உள்ளே ஓடுகிற தண்ணீரின் குணம் மட்டும் எப்படி ஒன்றாக இருக்கும்?

குடிநீர்க் குழாயில் பெரிய வித்தியாசம் இல்லை, ஒப்புக்கொள்கிறேன். அங்கே குழாய் முழுக்க நிறைந்து, அழுத்தத்தோடு தண்ணீர் போகிறது. பத்து மீட்டர் உயரத் தொட்டி கிட்டத்தட்ட ஒரு சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ அழுத்தம் கொடுக்கும். மேலே ஏறு என்றாலும் ஏறும், திரும்பு என்றாலும் திரும்பும். கொஞ்சம் அழுத்தம் குறையும், அவ்வளவுதான்.

கழிவுநீர் அப்படியா? அதைத் தள்ள யாரும் இல்லை. விழுவதும் சரிவதும் மட்டுமே அதற்குத் தெரியும்.

செங்குத்துக் குழாயில் தண்ணீர் உருளையாக விழுவதில்லை. சுவரை ஒட்டி ஒரு சவ்வுபோல் சுற்றி வழிந்து இறங்குகிறது. நடுவில் காற்று. பத்து மாடி உயரத்திலிருந்து விழுந்தால் வேகம் ஏறிக்கொண்டே போய் அடியில் குழாயை உடைத்துவிடும் என்று நம்மில் பலர் நினைக்கிறோம். இல்லை! சுவரின் உராய்வும் புவியீர்ப்பும் ஓரிரு மாடி உயரத்துக்குள்ளேயே சமமாகிவிடுகின்றன. அதன்பின் வேகம் வினாடிக்குச் சுமார் 3 முதல் 5 மீட்டர். இருபது மாடி என்றாலும் அதே வேகம்தான். அமெரிக்காவின் தேசியத் தர நிர்ணய நிறுவனத்தில் வைலி, ஈட்டன் என்ற இருவர் இதை ஆராய்ந்து 1961-இல் வெளியிட்டார்கள்.

இனி அடியில் வருவோம். கிடைக் குழாயில் தண்ணீரின் வேகம் எவ்வளவு? நல்ல வாட்டம் கொடுத்தாலும் வினாடிக்கு ஒரு மீட்டர் அளவுதான். இரண்டாம் ஆண்டு ஹைட்ராலிக்ஸில் மனப்பாடம் செய்தோமே, நினைவிருக்கிறதா? ஓட்டம் என்பது பரப்பு பெருக்கல் வேகம். அதை இங்கே போட்டுப் பாருங்கள். செங்குத்துக் குழாயின் பரப்பில் கால் பங்கு தண்ணீர், வேகம் வினாடிக்கு 4 மீட்டர். அதே ஓட்டம், அதே விட்டமுள்ள கிடைக் குழாயில் 1 மீட்டர் வேகத்துக்கு இறங்கினால் பரப்பு நான்கு மடங்கு வேண்டும். அதாவது கால் பங்காக வந்தது முழுக் குழாயையும் அடைத்துக்கொள்ளும்! இதைத்தான் பாடத்தில் ஹைட்ராலிக் ஜம்ப் என்று படித்தோம். அணையின் கலிங்கில் நடப்பதாகப் படம் போட்டு மதிப்பெண் வாங்கினோம். அது நம் வீட்டுக் கழிவறைக் குழாயின் அடியிலும் நடக்கிறது.

குழாய் நிறைந்தால் காற்று எங்கே போகும்? மேலிருந்து தண்ணீரோடு இழுத்து வரப்பட்ட காற்று வெளியேற வழியில்லாமல் அழுத்தம் கூடும். பக்கத்தில் தரைத்தளத்துக் கழிவறை இருந்தால், அதன் டிராப்பில் நிற்கிற தண்ணீரைத் தள்ளிக்கொண்டு 'களக் களக்' என்று வெளியே வரும். நாற்றம் பின்னாலேயே வரும். தரைத்தளக் கழிவறைக்குத் தனிக் குழாய் போடு என்று அனுபவசாலிகள் சொல்வதன் காரணம் இதுதான்.

எங்கள் தெருவில் வீடு கட்டுகிற இடத்தில் ஒரு பிளம்பர் அண்ணனிடம், "ஏண்ணே அடியில ஒரு எல்போ போடாம ரெண்டு நாப்பத்தஞ்சு போடுறீங்க?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, மேலேர்ந்து வர்றது மிரண்டு ஓடியாற மாடு மாதிரி. நேரா செவுத்துல கொண்டுபோய் முட்டவெச்சா என்னாகும்? வளைச்சுத் திருப்பிவிட்டா அதுபாட்டுக்குப் போயிரும்." வைலியையும் ஈட்டனையும் அவர் படித்ததில்லை. ஆனால் அவர் சொன்னதில் பிழை இருந்தால் காட்டுங்கள்!

ஒன்றரை டிகிரியின் கதை

இனி இன்னொரு வேடிக்கை. கிடைக் குழாய் என்கிறோமே, அது உண்மையில் கிடையா? கிடையவே கிடையாது! வாட்டம் இருக்க வேண்டும். நம் பாடப்புத்தகத்தில் பழைய மாகுவயர் விதி உண்டு. 100 மி.மீ. குழாய்க்கு 40-க்கு 1, 150 மி.மீ. குழாய்க்கு 60-க்கு 1. கழிவு படியாமல் தன்னைத்தானே கழுவிக்கொண்டு ஓட வினாடிக்கு 0.75 மீட்டர் அளவு வேகம் வேண்டும் என்பதற்காகத்தான் இந்த வாட்டம்.

40-க்கு 1 என்றால் கோணம் எவ்வளவு? 1.43 டிகிரி. அப்படியானால் நிற்கிற குழாய்க்கும் அதை நோக்கி இறங்கி வருகிற குழாய்க்கும் இடையில் இருப்பது 90 அல்ல, 88.57 டிகிரி. மென்பொருளில் மாட்டிய டீ 90 டிகிரிக்கு மட்டும் வளைந்து கொடுக்கிற டீயாக இருந்தால் என்ன ஆகும்? சில நேரம் இணைப்பே கிடைக்காது, எச்சரிக்கை வரும். சில நேரம் அது சமர்த்தாக இணைந்துகொள்ளும், ஆனால் நிற்கிற குழாய் சத்தமில்லாமல் சாய்ந்துவிடும்! படத்தில் ஒன்றரை டிகிரி சாய்வு கண்ணுக்குத் தெரியுமா? தெரியாது. கணக்குப் போட்டால் தெரியும். மூன்று மீட்டர் உயரத்துக்கு 75 மி.மீ. நான்கு மாடிக்கு, அதாவது 12 மீட்டருக்கு, 300 மி.மீ. ஒரு அடி! ஷாஃப்ட்டுக்குள் இருக்க வேண்டிய குழாய் மொட்டை மாடிக்குப் போகும்போது பக்கத்து அறைச் சுவருக்குள் போயிருக்கும்.

கடைக்குப் போய் எஸ்.டபிள்யூ.ஆர். பெண்டு ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள். அல்லது விலைப்பட்டியலைப் பாருங்கள். 87.5 டிகிரி என்று போட்டிருக்கும். குடிநீர் எல்போவில் 90, கழிவுநீர் பெண்டில் 87.5. ஏன் இந்த இரண்டரை டிகிரி? வாட்டத்துக்காக! இணைப்பைச் செய்தவன் வாட்டத்தை அதன் உடம்பிலேயே வைத்துச் செய்திருக்கிறான். மீதி வித்தியாசத்தை ரப்பர் ரிங் கொஞ்சம் விட்டுக்கொடுத்துச் சமாளித்துக்கொள்கிறது. கடையில் கிடைக்கிற ஒரு சின்னப் பொருளுக்குள் இருக்கிற இந்த அறிவு, நாம் கம்ப்யூட்டரில் மாட்டுகிற இணைப்புக்குள் இருக்கிறதா என்று பார்க்க நமக்குத் தெரிய வேண்டாமா?

எரர் வந்தால் திட்டாதீர்கள்

லேபில் நாம் என்ன செய்கிறோம்? சிவப்புக் கட்டத்தில் எச்சரிக்கை வந்ததும் "ச்சே, சனியன்!" என்று திட்டிவிட்டு, குழாயை இப்படி அப்படி நகர்த்தி, அது போகிறவரைக்கும் விளையாடுகிறோம். எனக்கு என்னவோ அந்த எச்சரிக்கைதான் நம் நல்ல வாத்தியார் என்று தோன்றுகிறது.

இணைக்க இடம் போதவில்லை என்று அது சொன்னால், சைட்டிலும் இடம் போதாது என்று பொருள். இரண்டு பெண்டுகளை அடுத்தடுத்து மாட்ட ஒவ்வொன்றின் கழுத்துக்கும் நீளம் வேண்டும். கம்ப்யூட்டர் ஒத்துக்கொள்ளாததைச் சுத்தியால் அடித்தா சேர்க்க முடியும்? வழி கிடைக்கவில்லை என்று சொன்னால், இரண்டு மையக்கோடுகளும் ஒரே தளத்தில் இல்லை என்று பார்க்க வேண்டும். பிளானில் ஒன்றன்மேல் ஒன்று தெரிவது, செக்‌ஷன் வெட்டிப் பார்த்தால் ஒரு சாண் தள்ளி நிற்கும். ஆறு மீட்டர் நீளக் குழாய் 40-க்கு 1 வாட்டத்தில் 150 மி.மீ. இறங்கும். உத்தரத்துக்கும் பால்ஸ் சீலிங்குக்கும் நடுவில் அந்த 150 மி.மீ. இருக்கிறதா? இதெல்லாம் எரர் கேட்கிற கேள்விகள். பதில் சொல்ல வேண்டியவர்கள் நாம்.

உண்மையான ஆபத்து எரர் வராத இடத்தில் இருக்கிறது. பயிற்சிக்காக ஒரு மாடலிங் அலுவலகத்தில் சில வாரங்கள் இருந்தேன். அங்கே நடந்த ஒரு பேச்சை அப்படியே எழுதுகிறேன்.

"அண்ணா, இந்த ஸ்டாக் அடியில ரெண்டு நாப்பத்தஞ்சு வரணும்ல? ஒரே எல்போவா இருக்கே?"

"கனெக்ட் ஆயிருச்சுல்ல?"

"ஆயிருச்சுண்ணா."

"வார்னிங் வந்துச்சா?"

"இல்லண்ணா."

"அப்புறம் என்ன தம்பி, அடுத்த ஷீட்டுக்குப் போ. சாயந்தரம் அனுப்பணும்."

அந்த அண்ணனைக் குறை சொல்லி என்ன பயன்? அவரும் நம்மைப்போல் ஒரு பாலிடெக்னிக்கில் படித்து வந்தவர்தான். எரர் இல்லை என்றால் சரி என்று அவருக்கும் நமக்கும் பழக்கப்படுத்திவிட்டார்கள். 'சேர்ந்திருக்கிறது' என்பது வேறு. 'சரியாகச் சேர்ந்திருக்கிறது' என்பது வேறு. முதலாவதை மென்பொருள் சொல்லும். இரண்டாவதை மனிதன்தான் சொல்ல வேண்டும்.

ஒரு சின்ன மூட்டுக்கு இவ்வளவு ஆர்ப்பாட்டமா?

"டேய், ஒரு எல்போ தப்பானா உலகமா அழிஞ்சிரும்?" என்று என் அறை நண்பன் கேட்டான். நியாயமான கேள்வி.

2003-ஆம் ஆண்டு ஹாங்காங்கில் அமாய் கார்டன்ஸ் என்ற அடுக்குமாடிக் குடியிருப்பில் சார்ஸ் நோய் பரவியது. 300-க்கும் மேற்பட்டவர்களுக்கு நோய். 40-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். எப்படி இத்தனை வீடுகளுக்குப் பரவியது என்று ஆராய்ந்தவர்கள் கைகாட்டியது குழாய்களை! குளியலறைத் தரை டிராப்புகளில் தண்ணீர் காய்ந்து போயிருந்தது. வெளியேற்றும் மின்விசிறி போட்டபோது, பொதுச் செங்குத்துக் குழாயின் காற்று கிருமியோடு வீட்டுக்குள் இழுக்கப்பட்டது. அங்கே காரணம் காய்ந்த டிராப், தவறான பெண்டு அல்ல. ஆனால் நமக்குப் பாடம் ஒன்றுதான். நம் வீட்டையும் ஊர்ச் சாக்கடையையும் பிரித்து வைத்திருப்பது டிராப்பில் நிற்கிற 50 மி.மீ. தண்ணீர் மட்டுமே. அது காய்ந்தாலும் ஆபத்து, தவறான மூட்டு எழுப்புகிற அழுத்தத்தில் அடித்துப்போனாலும் ஆபத்து.

அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்றால் நம் ஊருக்கே வாருங்கள். மூட்டு சரியில்லை, வாட்டம் சரியில்லை, அடைத்துக்கொண்டது. இனி என்ன? மாடல் போட்டவன் வருவானா? எஞ்சினியர் வருவாரா? யாரோ ஒரு மனிதர் கம்பியோடு வருவார். கதவு வைத்த பெண்டு போட்டிருந்தால் திறந்து குத்திவிட்டுப் போவார். அதையும் மாடலில் மறந்திருந்தால் சேம்பரில் இறங்க வேண்டியிருக்கும். மனிதக் கழிவை மனிதன் அள்ளுவதைத் தடைசெய்து 2013-இல் சட்டம் வந்தது. கழிவுநீர்க் குழியில் இறந்தவர்களின் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்கச் சொல்லி 2014-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. தொகையை உயர்த்த வேண்டி வந்தது என்றால், மரணங்கள் நிற்கவில்லை என்றுதானே பொருள்?

எல்லா அடைப்புக்கும் நாம் போடுகிற மூட்டுதான் காரணம் என்று சொல்லவில்லை. ஆனால் ஒவ்வொரு அடைப்புக்கும் பின்னால் யாரோ ஒருவரின் கை இருக்கிறது. அந்தக் கையை நினைத்துக்கொண்டு மவுஸைப் பிடிக்க வேண்டும் என்று சொல்கிறேன்.

வேலை கிடைக்குமா, அதைச் சொல்!

"தத்துவம் எல்லாம் சரி. நமக்கு வேகமா வரையத் தெரிஞ்சா வேலை கிடைக்கும். டிசைன் பார்க்க வெள்ளைக்காரன் இருக்கான்" என்று சொல்லும் நண்பர்களும் உண்டு. அவர்களுக்கும் பதில் வைத்திருக்கிறேன்.

அமெரிக்க வேலை வந்தால் அவர்களுடைய பிளம்பிங் விதிப்புத்தகமும் கூடவே வரும். சானிட்டரி டீ என்ற இணைப்பைக் கிடையிலிருந்து செங்குத்துக்குத் திரும்பும்போது மட்டும் போடலாம், செங்குத்திலிருந்து கிடைக்குத் திரும்பும்போது போடக்கூடாது என்று அதில் அட்டவணையே இருக்கிறது. கீழே திரும்புகிற இடத்தில் 'ஒய்' வேண்டும், நீண்ட வளைவு வேண்டும். அவர்களுடைய வாட்டமும் வேறு. இரண்டரை அங்குலம் வரையுள்ள குழாய்க்கு அடிக்குக் கால் அங்குலம், அதாவது 48-க்கு 1. மூன்று முதல் ஆறு அங்குலம் வரை அடிக்கு அரைக்கால் அங்குலம், 96-க்கு 1. இது தெரியாமல் வேகமாக வரைந்தால் வேகமாகத் திரும்பி வரும், சிவப்பு மையோடு!

அதுமட்டுமல்ல. குழாயைத் தானே ஓட்டிக்கொள்ளும் மென்பொருள்கள் இப்போதே வர ஆரம்பித்துவிட்டன. வெறும் கிளிக் செய்பவனுக்கு நாளைக்கு என்ன வேலை இருக்கும்? மெஷின் போட்ட மூட்டைப் பார்த்து, "இது தண்ணீர் போகாத மூட்டு" என்று சொல்லத் தெரிந்தவனுக்குத்தான் நாற்காலி மிஞ்சும். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்பார்கள். இன்றைக்குத் திரைச் சுரைக்காயும் அப்படித்தான்.

நாம் கேட்க வேண்டியவை

குறை சொல்லிவிட்டுப் போவது சுலபம். மாணவர் மன்றத்தின் முன் நான்கு யோசனைகளை வைக்கிறேன்.

ஒன்று: கேட் லேபும் பிளம்பிங் பட்டறையும் இரண்டு தீவுகளாக இருக்கின்றன. பட்டறையில் முதலில் ஒரு செங்குத்து, ஒரு கிடை, ஒரு டீ, இரண்டு நாற்பத்தைந்து டிகிரி பெண்டு ஆகியவற்றைக் கையால் பொருத்தட்டும். ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பார்க்கட்டும். அதே வாரம் அதையே கம்ப்யூட்டரில் போடட்டும். இதற்குப் புதுக் கட்டடம் வேண்டாம், கால அட்டவணையில் ஒரு மாற்றம் போதும்.

இரண்டு: ரெக்கார்டு நோட்டில் பிரிண்ட் அவுட்டை ஒட்டுவதோடு, அந்த மூட்டின் ஐசோமெட்ரிக் படத்தைக் கையால் வரைந்து, ஏன் இந்த இணைப்பு, எவ்வளவு வாட்டம், இரண்டு முனைகளின் அடிமட்டம் என்ன என்று நாலு வரி எழுதச் சொல்ல வேண்டும். கையால் வரையும்போதுதான் மேலே எது கீழே எது என்று மண்டையில் ஏறுகிறது.

மூன்று: செய்முறைத் தேர்வில் மூட்டு சேர்ந்ததற்கு மட்டும் மதிப்பெண் போடாமல், தவறாகச் சேர்ந்த ஒரு மாடலைக் கொடுத்துப் பிழையைக் கண்டுபிடிக்கச் சொல்லலாம். எரர் காட்டாத பிழையாக இருக்க வேண்டும்! அப்போது தெரியும் யார் படித்தவர் என்று.

நான்கு: ஊரில் இருபது முப்பது வருடம் வேலை செய்த பிளம்பர்களை ஒரு சனிக்கிழமை அழைத்து வந்து பேசச் சொல்ல வேண்டும். மேடையில் நாற்காலி போட்டு, மாலை மரியாதையோடு. அவர்கள் நம்மிடம் கம்ப்யூட்டரைக் கற்றுக்கொள்ளட்டும், நாம் அவர்களிடம் வாட்டத்தைக் கற்றுக்கொள்வோம்.

மென்பொருளுக்குப் பணம் எங்கே என்று யாரும் கேட்க வேண்டாம். ஆட்டோடெஸ்க் மாணவர்களுக்கு ரெவிட்டை இலவசமாகவே தருகிறது, ஆண்டுதோறும் புதுப்பித்துக்கொள்ளலாம். நம் வீட்டுக் கம்ப்யூட்டர் தாங்காது என்பவர்கள் லேபை மாலை இரண்டு மணி நேரம் கூடுதலாகத் திறந்து வைக்கும்படி கேட்கலாம். நம்மிடம் இல்லாதது மென்பொருள் அல்ல நண்பர்களே, "ஏன்?" என்று கேட்கிற பழக்கம்தான்!

ஆசிரியர்கள் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இருக்கிற நேரத்தில் பாடத்தை முடிக்க அவர்கள் படுகிற பாடு நமக்குத் தெரியும். அதனால்தான் அவர்களைக் கேட்பதோடு நிற்காமல், நம்மையும் கேட்டுக்கொள்ள வேண்டும் என்கிறேன். அடுத்த முறை திரையில் இரண்டு குழாய்கள் அழகாகச் சேர்ந்து நிற்கும்போது, 'சேவ்' அழுத்துவதற்கு முன் மூன்று கேள்வி கேளுங்கள். இதற்குள் என்ன ஓடும்? அது எந்தப் பக்கம் ஓடும்? அடைத்தால் யார் எப்படித் திறப்பார்?

மூன்றுக்கும் பதில் இருந்தால் நீங்கள் பொறியாளர். பதில் இல்லாவிட்டால், நாம் சேர்த்தது குழாயை அல்ல, வெறும் இரண்டு கோடுகளை.

தோழர்களே! கோடுகளைச் சேர்க்கக் கம்ப்யூட்டர் இருக்கிறது. தண்ணீரை ஓடவைக்க நாம்தான் இருக்கிறோம். சிந்திப்போம், செயல்படுவோம்!

— இறுதியாண்டு மாணவன், சிவில் பிரிவு